ஊசியக்காவும் தூங்குமூஞ்சிக் கதவும்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் ஊசி இல்லை, கண்ணாடி ஊசி. மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்தால் நுனி தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிந்துவிடும். அதில் உப்புக் கரைசலை நிரப்பி, உயிருள்ள ஒரு செல்லின் மேல் பூப்போல ஒட்டவைப்பாள். ஒட்டிய இடத்தில் செல்லின் தோலைக் கிழித்ததும் கரைசல் உள்ளே கலந்துவிடும். அந்தத் தோல் முழுக்கப் பொடிப்பொடிக் கதவுகள். கதவு திறந்தால் பொட்டாசியம் வெளியே ஓடும். அந்த ஓட்டம் திரையில் கோடாக எழும். கோட்டைப் பார்த்துக் கதவின் குணத்தைச் சொல்வதுதான் அவள் பிழைப்பு.

ஊசி விஷயத்தில் மட்டும் மகா பொல்லாதவள். தன் ஊசியை யாருக்கும் தரமாட்டாள், அடுத்தவர் ஊசியைத் தொடவும் மாட்டாள். கேட்டால், "பல்லு தேய்க்கிற பிரஷ்ஷை இரவல் கேப்பீங்களா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

புதிதாக ஒரு கதவை ஆராய ஆரம்பித்தபோது கண்ணாடியையும் மாற்றினாள். மென்கண்ணாடி. குறைந்த சூட்டிலேயே இளகும், செல்லோடு பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகுதான் அந்த அதிசயம். கதவு திறக்கும், கோடு விறுவிறுவென்று ஏறும். ஏறிய வேகத்திலேயே துவண்டு விழும். திறந்த கதவு தானாகவே கண்ணசந்துவிடுகிறது! இப்படி ஒரு குணத்தை அந்தக் கதவில் யாரும் கண்டதில்லை. இத்தனை காலம் அடுத்தவர் கட்டுரைகளில் கடைசி வரிசையில் நின்ற அவள் பெயர் முதன்முதலாக முன்னால் வந்து நின்றது. கட்டுரை அச்சுக்குத் தயாரானது.

அவள் கணவன் முடிவெட்டும் கடை வைத்திருப்பவன். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தப்பிக்க வழியில்லை. "என் பொண்டாட்டி ஒரு தூங்குமூஞ்சிக் கதவைக் கண்டுபிடிச்சிருக்கா சார். தலையைக் குனிங்க." தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

அந்த நேரத்தில்தான் வேறொரு ஊரில் இதே வேலை பார்க்கும் கல்லூரித் தோழி போனில் வந்தாள்.

"நீ அனுப்பின கட்டுரையைப் படிச்சுட்டு நானும் செஞ்சு பாத்தேன்டி. என் கதவு தூங்கவே இல்ல. கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்கு."

"உனக்குச் செல் வளக்கத் தெரியலடி. பட்டினி போட்டிருப்ப."

"ஆமாமா, உன்கிட்டதான் ராஜ உபசாரம். நேர்லயே வரேன். ஓட்டை யார்கிட்டன்னு பாத்துடலாம்."

வந்தாள். பெட்டியைத் திறந்தால், புடவை மடிப்புக்குள் துண்டு சுற்றிய கண்ணாடிக் குழாய்கள். அவளும் இந்த ஜாதிதான். அடுத்தவர் கண்ணாடியை நம்பமாட்டாள். ஊசியை இழுத்து, ஊசியக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசியக்காவின் செல்லில் ஒட்டவைத்தாள். கோடு ஏறியது. ஏறிய இடத்திலேயே மேசைப் பலகை மாதிரி நின்றது.

ஊசியக்கா கன்னத்தில் கை வைத்தாள். "செல் என்னோடது. கரைசல் என்னோடது. மிஷின் என்னோடது."

"கண்ணாடி மட்டும் என்னோடது. வன்கண்ணாடி," என்றாள் தோழி. கிண்டல் செய்யத்தான் வந்திருந்தாள். குரலில் அது வரவில்லை.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பு வைத்தால் களிம்பு இறங்குவதுபோல, மென்கண்ணாடியிலிருந்து பேரியம் மாதிரி ஏதோ உலோகம் கரைசலுக்குள் கசிகிறது. அது செல்லுக்குள் போய், திறந்த கதவில் தக்கை மாதிரி அடைத்துக்கொள்கிறது. கதவு தூங்கவில்லை, வாயடைத்து நிற்கிறது.

"விட்டுடுடி. இன்னொரு நாள் பாக்கலாம்," என்றாள் தோழி.

"இரு. குத்தவாளியைக் கையும் களவுமா பிடிக்கணும்." உலோகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் மருந்தைக் கரைசலில் சேர்த்து, தன் பழைய மென்கண்ணாடி ஊசியிலேயே நிரப்பினாள் ஊசியக்கா. கோடு ஏறியது, விழவே இல்லை. அவளுடைய அதிசயம் அவள் கண்ணெதிரே மறைந்துபோனது.

அன்று மாலையே பத்திரிகைக்குப் போன் செய்து கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "கண்ணாடியைப் பத்தி எழுதலாம். ரெண்டு பேரும் சேர்ந்து. எத்தனை பேர் இதே கண்ணாடியில கதவைத் தூங்க வச்சிட்டிருக்காங்களோ," என்றாள்.

"உன் பேர் முன்னாடி."

"எதுக்கு?"

"கூத்தடிச்சது நீதானே!"

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவன் சீப்பும் கையுமாக நின்றுவிட்டான். "ஐயையோ, தெரு பூரா சொல்லிட்டேனே!"

மறுநாள் கடை வழியாக வந்தவள் வாசலிலேயே தயங்கினாள். உள்ளே அவன் குரல் முன்பைவிட ஓங்கி ஒலித்தது.

"கதவு தூங்கவே இல்ல சார்! அடைச்சது பூரா கண்ணாடியோட வேலை. கண்டுபிடிச்சது யாரு? என் பொண்டாட்டி!"

நாற்காலியில் இருந்தவர் விடவில்லை. "அந்தக் கண்ணாடியை எடுத்துட்டு வந்தது யாருப்பா?"

கத்தரி அடுத்த காதுப் பக்கம் தாவியது.

"அதுவும் என் பொண்டாட்டிதான் சார். தலையைக் குனிங்க."