பிலோமினா டீச்சரும் ஏழு கோட்டையும்

சென்ற வாரம் பள்ளிக்கு வந்த அஞ்சலட்டையை மணப்பாறையிலிருந்து பிலோமினா டீச்சரின் தம்பி எழுதியிருந்தார். “அக்கா காலமாகிவிட்டார். அடக்கமும் முடிந்துவிட்டது.” இரண்டே வரி. அன்று நான் எட்டாம் வகுப்பில் பாடம் எதுவும் நடத்தவில்லை.

பழைய சக ஆசிரியைகளுக்கு அவரைக் கணக்கு டீச்சராகத் தெரியும். ‘ஏழு கோட்டை’யும் நினைவிருக்கலாம். சார்ட் தாளில் தேன்கூடு போல் கட்டங்கள், நடுவே ஓர் ஆறு, சட்டைப் பொத்தான்களும் புளியங்கொட்டைகளும் படைகள். ஆற்றைத் தாண்டிப் பாயும் யாளி ஒன்று. ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை விழிக்கும் பூதம் ஒன்று. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆசிரியர் அறையில் சோழி உருட்டி நாங்கள் இருவரும் ஆடுவோம்.

நான் எப்போதும் அவசரப்படுவேன். ஒருநாள் முதல் சுற்றிலேயே யாளியைப் பாயவிட்டு இழந்தேன். அவர் சிரித்தார். “யாளியைக் கரையில நிறுத்தி வைங்க டீச்சர். தாண்ட வேணாம். தாண்டிருமோன்னு என் படையில பாதி அங்கேயே காவல் நிக்கும்ல?”

இன்னொரு நாள் ஆறு கோட்டைகளைப் பிடித்துவிட்டு, ஏழாவதை நோக்கி மொத்தப் படையையும் ஓட்டினேன். அவர் தம் பூதத்தை எழுப்பி, காவலில்லாத என் தலைநகரில் கொண்டுவந்து வைத்தார். “ஜெயிக்கப் போறப்பதாங்க பின்னாடி திரும்பிப் பாக்கணும்” என்றார்.

ஒரு மதியம் தலைமையாசிரியை உள்ளே வந்தார். சோழிகளைப் பார்த்ததும் முகம் மாறியது. “பிள்ளைங்க படிக்கிற இடத்துல சூதாட்டமா? யாரோடது இது?”

பிலோமினா எழுந்து நின்றார். “என்னோடது மேடம். இவங்க சும்மா பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

நான் தலைகுனிந்து நின்றேன்.

பிறகு வராந்தாவில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “உங்க வேலை இன்னும் நிரந்தரமாகலையே. எனக்கு என்ன ஆயிடப் போகுது?” என்றார்.

ஆனது. அடுத்த கல்வியாண்டில் அதே நிர்வாகத்தின் மணப்பாறைப் பள்ளிக்கு மாற்றினார்கள். இங்கே பாலக்கரை வீட்டில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்து பார்த்துப் போவார். அந்த அம்மா இறந்தது ஒரு புதன்கிழமை. பிலோமினா அப்போது மணப்பாறையில் வகுப்பில் இருந்தார்.

அங்கே போன பிறகும் அவர் ஆட்டத்தை விடவில்லை. இன்லண்டு கடிதத்தில் ஒரு நகர்த்தல் எழுதுவார். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மேசையில் இன்னொரு சார்ட் தாளை விரித்து, யோசித்து, பதில் போடுவேன். மறு வருடம் என் வேலை நிரந்தரமானது. அவர்தான் முதலில் வாழ்த்தினார். இனியாவது தலைமையாசிரியையிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை, நாளை என்று தள்ளினேன். தள்ளத் தள்ள அவர் கடிதத்தைப் பிரிக்கவே கூச்சமாக இருந்தது. பதில் போடுவதை நிறுத்தினேன். கடைசிக் கடிதத்தில், “உங்க முறை டீச்சர். அவசரமில்லை, மெதுவா ஆடுங்க” என்று எழுதியிருந்தார். அதுவும் வந்து ஐந்து வருடமாகிறது.

என்னிடம் அவர் நினைவாகப் பதினொரு கடிதங்கள் இருக்கின்றன. அவரை அறிந்தவர்களுக்கு இத்தனை காலம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கட்டங்களை வரைந்தது நான். சோழிகளும் என் வீட்டுச் சோழிகள்தான்.