அண்ணன் சாப்பிட்டது பிரஷர் மாத்திரை அல்ல

அண்ணனின் ஓராண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இந்தக் கட்டுரையில் நான் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது உடன்குடியில். அப்பாவின் கருப்பட்டிக் கடையில் வளர்ந்து, படித்து, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்து நான்கு வயதில் ஒரு வாரம் தூங்காமல் ஓயாமல் பேசினார். சொந்தக் கப்பல் வாங்கப் போவதாகத் தெருவெல்லாம் சொன்னார். அடுத்த மூன்று மாதம் பாயை விட்டு எழவில்லை. மனநல டாக்டர் லித்தியம் எழுதிக் கொடுத்தார். மெல்ல மெல்லத் தெளிந்தார். அந்த மருந்தும் ஒரு வகை உப்புதான் என்று டாக்டர் சொன்னபோது, "நம்மூர்ல இல்லாத உப்பா டாக்டர்?" என்று கேட்டார். அந்தக் குறும்பு திரும்பிய பிறகுதான் எங்களுக்கு உயிரே வந்தது.

கல்யாணம் பேசியபோது, மதினி வீட்டில் அதைப் பிரஷர் மாத்திரை என்று சொன்னவள் நான்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற அண்ணனின் வாயையும் அடைத்தேன்.

அதை நம்பிய மதினி, பிரஷருக்கு உப்பு ஆகாதென்று, ஒரு சித்திரை வெயிலில், அவர் சாப்பாட்டில் உப்பை அறவே நிறுத்திவிட்டார். மீன் குழம்பில்கூட இல்லை. இரண்டே வாரத்தில் அண்ணனுக்குக் கை நடுங்கியது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை என்று கேட்டார்கள். மதினியின் முன்னால் உண்மையைச் சொன்னேன். உப்பைத் திடீரென்று குறைத்தால் லித்தியம் உடம்பை விட்டு வெளியேறாமல் ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும் என்று டாக்டர் விளக்கினார்.

மதினி என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உப்பைக் கொறச்சிருப்பனா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் பிழைத்தார். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் நிறைவாக வாழ்ந்தார். ஒரே அளவு உப்பு, போதுமான தண்ணீர், தவறாத ரத்தப் பரிசோதனை, எல்லாம் மதினியின் பொறுப்பு. அண்ணன் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். கோபத்தில் கத்துவார், ஐந்து நிமிடத்தில் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டுவார். சென்ற ஆண்டு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், பரிசோதனை நாளை மறக்காமல் ஞாபகப்படுத்திய லேப் தம்பிக்கும், மாத்திரை தீர்ந்துபோக ஒருநாளும் விடாத மருந்துக்கடை அண்ணாச்சிக்கும் எங்கள் நன்றி. மதினிக்கு நன்றி என்ற ஒரு சொல் போதாது.

இந்தக் கட்டுரையிலும் முதலில் பிரஷர் என்றுதான் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மதினி அதை அடித்தார்.

"மருந்துப் பேரைப் போடு தாயி. ஒங்க அண்ணனை இத்தன வருஷம் எங்கிட்ட இருக்க வச்சது அதுதான். இன்னொருத்தி தெரியாம உப்பைக் கொறச்சிரக் கூடாது."

போட்டுவிட்டேன் மதினி. லித்தியம்.