பனை மட்டையில் ஒரு பனிச்சறுக்கு

பள்ளிக்கூட ஓட்டப் போட்டிகளில் என் மச்சான் என்னை ஒருநாளும் முந்தியதில்லை. நோர்வேக்குப் போன பிறகு, நெஞ்சில் இலக்கத்தோடு பனியில் சறுக்கி ஓடும் படம் ஒன்றை அனுப்பினான். அந்தப் பகுதியின் இரண்டாம் தரப் போட்டித் தொடராம். மாமி மகனின் படத்தைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள், ஆளில்லாத நேரம் பார்த்து, மண்கும்பான் கடற்கரை மணல்மேட்டில் கால்களில் பனை மட்டைகளைக் கட்டிச் சறுக்கிப் பார்த்தேன். கணுக்கால் சுளுக்கியதுதான் மிச்சம்.

நாட்டில் போர் ஓய்ந்திருந்த காலம் அது. அந்த மாதமே மச்சான் லீவில் வந்தான். நொண்டியபடி அவனோடு கடைக்கு நடந்தபோது கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எத்தினையாவதாய் வந்தனீ?”

“எல்லாத்திலயும் கடைசி.”

“பிறகேன் ஓடுறாய்?”

“கடைசி ஆள் வருமட்டும் சனம் நிண்டு, பேர் சொல்லிக் கத்தும். மற்ற நாளில அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரடா இருக்கினம்?”

அதற்குள் வேலிக்கு மேலால் ஒருவர், சைக்கிளில் ஒருவர், பஸ்ஸுக்குள் இருந்து ஒருவர் என்று என் பேரைக் கூப்பிட்டு, காலுக்கு என்னவென்று விசாரித்தார்கள். அவனை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். மாமி வீட்டுப் படத்தை நான் அப்படித்தான் பார்ப்பேன்.