கனகத்துக்கு வந்த இரண்டு கடிதங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருபத்திரண்டு வருடம் ஆயாவாக இருந்தவள் கனகம். தாய்மார் மலையில் கொழுந்தெடுக்கும்போது அவர்களுடைய கைக்குழந்தைகள் அவளிடம்தான் கிடக்கும். அவளுக்கென்று பிள்ளையில்லை, புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். அந்தக் காம்பராவை விட்டால் அவளுக்கு வேறு உலகமில்லை. அதையும் அவளிடமிருந்து பிடுங்கினோம். பிடுங்கியதில் பெரிய பங்கு என்னுடையது. நான் அங்கே கணக்கப்பிள்ளை.

2004ஆம் வருடம். ஸ்பிரிங்வெளி வீதியில் இன்னும் மேலே ஏறிவர வேண்டிய எங்கள் சின்னத் தோட்டத்துக்குப் பதுளையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தின் வான் வந்தது. கொழும்புக் கடைகளுக்கும் தையல் தொழிற்சாலைகளுக்கும் போய்வரும் இளசுகள் எயிட்ஸ் பற்றி அறிய வேண்டுமாம். சொல்லிக்கொடுக்க உள்ளூர் ஆள் ஒருவரைப் பயிற்சிக்குக் கேட்டார்கள். படித்த பையன்கள் நெளிந்துகொண்டு ஒதுங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கனகம் போனாள். இரண்டு நாள் பதுளையில் இருந்துவிட்டு வந்து, பிள்ளைக்காம்பரா வாசலில் எல்லாரையும் கூட்டி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியில் ஆணுறையை மாட்டிக் காட்டினாள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். பையன்கள் கெக்கலி கொட்டினார்கள்.

"என்னாத்துக்குடா சிரிக்கிறீங்க? உங்க சூத்தைக் கழுவுன கை இது. நான் பாக்காதது உங்ககிட்ட என்னா இருக்கு?" என்றாள்.

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

இரத்தம் சோதிக்கிற முகாம் வந்தபோது ஒருவனும் கையை நீட்டவில்லை. கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த ஜனுஷன், "மொதல்ல நீ குடு ஆயா" என்றான். அவளுடைய தொட்டிலில் கிடந்து வளர்ந்தவன். கனகம் உடனே சட்டைக் கையைச் சுருட்டினாள். "இந்தா பாரு, எறும்பு கடிச்ச மாதிரிதான்." அதைப் பார்த்துப் பத்தொன்பது பேர் அடுத்த மாத முகாமுக்குப் பெயர் கொடுத்தார்கள். முதல் பெயர் ஜனுஷனுடையது.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் நான் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பேன். சிங்களத்தில் வந்தால் அங்கேயே பிரித்துத் தமிழில் சொல்வேன், லயத்தில் சிங்களம் வாசிக்க ஆளில்லை. சாவுச் செய்தியைக்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்துக் கனகத்துக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரட்டில் நாலு பேர் சிரித்தால் எனக்குப் பிடிக்கும். தலைப்பிலிருந்தே ஆரம்பித்தேன்: பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம். பிறகு விஷயம்: உங்கள் இரத்தத்தை மறுபடி சோதிக்க வேண்டியிருக்கிறது, நேரில் வரவும்.

யாரும் சிரிக்கவில்லை. கேசினி என்ற இளம் தாய் கூடையைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடித் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்து மணிக்குள் பதினான்கு தொட்டிலும் காலி.

கனகம் அன்றைக்கே பதுளைக்குப் போனாள். அவளுடைய இரத்தம் இருந்த குழாய் வழியில் உடைந்துபோயிருந்தது. அவ்வளவுதான் விஷயம். மறுபடி இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது பிள்ளைக்காம்பராவில் வேறு ஆயா இருந்தாள். தாய்மார் போய்க் கத்தியதில் தோட்டத்து மேனேஜர் துரை ஆளை மாற்றிவிட்டார். முழங்கால் மடங்காத கனகத்துக்குக் கொழுந்துக் கூடை கொடுத்தோம்.

செய்தி கேட்டு, அந்தத் தொண்டு நிறுவனத்தின் அதிகாரி லக்ஷிகா பறந்தடித்துக்கொண்டு வந்தாள். பதுளையில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். "ஆக்களுக்கு முன்னால உப்பிடிக் கடிதங்களை வாசிக்கலாமே ஐயா? அது அவவின்ர அந்தரங்கம் எல்லோ!" என்று என்னை நார் நாராகக் கிழித்தாள். துரை பயந்துபோய், சுகாதாரக் கடிதம் எதையும் பெரட்டில் வாசிக்கக் கூடாது என்று எழுதி என் கையெழுத்தை வாங்கினார்.

இரண்டாவது கடிதம் வந்தது. ஆபீசுக்குள் கூப்பிட்டு மெதுவாக வாசித்தேன். நோய்த்தொற்று எதுவும் இல்லை. இதுவும் சிங்களம்.

"இத எனக்கு எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. பெரட்டுல வாசிங்கய்யா" என்றாள்.

"முடியாது கனகம். துரை சட்டம் போட்டிருக்காரு."

"அன்னைக்கு இல்லாத சட்டமா?"

அவளுடைய கடிதம், அவளே கேட்கிறாள், எந்தச் சட்டமும் தடுக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாசித்தால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். கோழைக்கு ஒரு சட்டம் கிடைத்தால் அதைவிட வசதி வேறென்ன?

அடுத்த முகாமுக்கு வான் வந்தது. பத்தொன்பது பேரில் ஒருவரும் வரவில்லை. ஜனுஷன் முதல்நாளே கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டான். "குடுத்த ஆயாவுக்கே இந்தக் கதி" என்று சொல்லிவிட்டுப் போனானாம். நாலு வருடத்தில் எலும்பும் தோலுமாய்த் திரும்பி வந்து லயத்தில் கிடந்து செத்தான். என்ன நோயென்று கடைசிவரை யாரும் சோதிக்கவில்லை.

வான் வெறுமனே திரும்பிப் போன மறுநாள், பெரட்டில் கனகம் கடிதத்தோடு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு நோயும் இல்ல. இதுல எழுதியிருக்கு. பிள்ளைகள என்கிட்டயே விடுங்க."

"அப்ப வாசிச்சுக் காட்டு ஆயா, கேப்போம்" என்றாள் கேசினி.

அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். கனகம் கடிதத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, அந்த ஒரு வரிய மட்டும் சொல்லுங்கய்யா."

நான் பெயர்ப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அது அவளுடைய பெயர்தான். "இருக்கேங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள்.