கரி படிந்த கால்

பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, எங்கள் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். ஒன்பது வருடமாக அதில் ஒரு நாற்காலி எனக்குத்தான். சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறவன் நான். இந்த வருடம் என்னை எடுத்துவிட்டு, துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் சவேரியைப் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பூசைக்கு முன்னால் கோயில் வாசலிலேயே அவனை மறித்தேன். முழங்கால் வரைக்கும் கரி.

“ஏலே, கோயிலுக்கு வார காலா இது? குளிச்சிட்டு வந்தா என்ன?”

“வேலை முடிஞ்சு நேரா வாரேன் அண்ணாச்சி. கழுவத்தானே கூப்பிட்டிருக்காவ?”

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். ஒவ்வொரு வருடமும் நான் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் பூசிக்கொண்டுதான் போய் உட்கார்ந்தேன். மற்றவர்களும் அப்படித்தான். சாமியார் பேருக்கு ரெண்டு சொட்டு ஊற்றித் துடைப்பார். துண்டு அழுக்காகாது. இயேசு கழுவியது புழுதியில் நடந்து வந்த கால்களை. நாங்கள் அதைப் பெரிய மனுசன் என்று காட்டிக்கொள்ளும் இடமாக ஆக்கிவிட்டோம்.

அன்றைக்குச் சாமியார் சவேரி முன்னால் நெடுநேரம் மண்டியிட்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். அவன் கூச்சத்தில் காலை இழுத்தான், அவர் விடவில்லை. தாம்பாளத் தண்ணீர் கறுத்தது. வெள்ளைத் துண்டும் கறுத்தது.

பின்னால் நின்ற எனக்குப் பொறாமை கூடத்தான் செய்தது. நாற்காலியை அவனே வைத்துக்கொள்ளட்டும். ஒன்பது தடவை உட்கார்ந்தும் என் காலை ஒருவரும் கழுவவில்லை. கழுவ நான் விட்டதே இல்லை.