ஃபேட் 32-க்குள் அடங்கிய பதினொரு நிமிஷம்

பென் டிரைவ் விற்கிறவனிடம் யாரும் பென் டிரைவ் வாங்க வருவதில்லை, அதற்குள்ளே இருக்கப்போகிற ஒன்றுக்காக வருகிறார்கள். இது எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. காரைக்காலில் தலத்தெரு போகும் வழியில் செல்போன் கவர் விற்க ஆரம்பித்து, பேரம் பேசிப் பேசியே ஷட்டர் வைத்த ஒரு கடையைப் பிடித்தவன் நான். படிப்பு கம்மி, கோபம் ஜாஸ்தி. கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் பொருளைத் தொடுகிறவர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். கடைசியாகச் சொல்லப்போவது மட்டும் நடந்திருக்கக் கூடாது. அதில் ஒரு பெண்ணின் கணவர் குரல் என் கையால் அழிந்தது.

களமும் மூட்டையும்

கோட்டுச்சேரியிலிருந்து ஒரு விவசாயி, தன் மகள் கல்யாண வீடியோவுக்காக நூற்றிருபத்தெட்டு ஜிபி வாங்கிப் போனார். அப்போதெல்லாம் எல்லாப் பென் டிரைவையும் ஃபேட் 32 என்கிற பழைய முறையில்தான் ஃபார்மட் செய்து கொடுப்பேன். பழைய டிவி, கார் ஸ்டீரியோ, எதில் சொருகினாலும் ஓடும் என்ற கணக்கு. மறுநாளே மனிதர் திரும்பி வந்துவிட்டார். கல்யாண வீடியோ ஒரே ஃபைலாகப் பதினொரு ஜிபி. ஏறவே இல்லையாம்.

"டூப்ளிகேட்டா குடுத்தே?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பொருள்ல குத்தமில்லங்க. இந்த ஃபார்மட்டுல ஒத்த ஃபைலு நாலு ஜிபிக்கு மேல போச்சுன்னா ஏறாது. நாலு நாலா நறுக்கி எத்தன ஃபைலு வேணாலும் போடுங்க, வாங்கிக்கும்" என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. பென் டிரைவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்மாம் பெரிய களத்துல ஒரு பெரிய மூட்டைய எறக்கக் கூடாதுன்னா, அது என்னாங்க களம்?"

பிரிக்காத பலகாரம்

அந்தக் கேள்வி குத்தியதில் எல்லாவற்றையும் என்டிஎஃப்எஸ் என்கிற ஃபார்மட்டுக்கு மாற்றினேன். அதில் எவ்வளவு பெரிய ஃபைலும் ஏறும். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர், மனைவியின் கருமாதி வீடியோவை அதில் ஏற்றி, ஊருக்கு வந்திருந்த உறவுக்காரர் கையில் பிரான்சிலிருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்பினார். மகளால் அப்போது வர முடியவில்லை. அதே பென் டிரைவில் பேத்தி நடக்க ஆரம்பித்த வீடியோக்களைப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார். செல்லில் சின்னதாகப் பார்த்தது போதாது, டிவியில் பெரிதாகப் பார்க்க வேண்டுமாம்.

மகள் வீட்டில் இருந்தது ஆப்பிள் கம்ப்யூட்டர். அது என்டிஎஃப்எஸ்ஸில் உள்ளதைக் காட்டும், புதிதாக எதையும் எழுதாது. மகள் இழுத்துப் போட்டதோடு சரி, ஏறியதா என்று பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் கையில் வந்ததை என் கடையில் போட்டுப் பார்த்தோம். கருமாதி மட்டும் இருந்தது. "கேட்டிருந்தா எக்ஸ்ஃபேட் போட்டிருப்பேனே, அது அங்கயும் எழுதும், இங்கயும் எழுதும்" என்று அவர் மேலேயே பாய்ந்தேன். கேட்க வேண்டியவன் நான்தான் என்பது வாய் மூடிய பிறகுதான் உறைத்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐயா என்பதற்கு அவருக்கு இன்னும் பிரெஞ்சுதான். "குடுத்தனுப்புன பலகாரம் பிரிக்காம திரும்பி வந்த மாதிரி இருக்கு, முசியே."

சரியான ஃபார்மட்

அன்றிலிருந்து கேட்டுத்தான் செய்வது என்று வைத்துக்கொண்டேன். என்ன டிவி, எத்தனை வருஷம், எங்கே போகிறது. கடலோரக் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து அஞ்சலை வந்தபோதும் கேட்டேன். அறுபத்து நாலு ஜிபி கொண்டுவந்திருந்தாள். "டிவியில ஓட மாட்டேங்குதுண்ணே." பழைய டிவியா என்றேன். "ஆமாண்ணே, ரொம்பப் பழசு. அதுல ஒரு..." என்று ஆரம்பித்தாள். நான் அப்போது போனில் மொத்த வியாபாரியோடு சார்ஜர் விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "தொழில் எனக்குத் தெரியும்மா, நீ போயி வேலையப் பாத்துட்டு வா" என்று அடக்கினேன்.

எங்கள் ஊரில் டிவியில் ஓடவில்லை என்று வருகிறவர்கள் பெரும்பாலும் பழையதை அழித்து, பாட்டு ஏற்றித் தரச் சொல்கிறவர்கள். அதே நினைப்பில், உள்ளே திறந்துகூடப் பார்க்காமல் ஃபேட் 32-க்கு மாற்றி, அம்மன் பாட்டு வீடியோக்களை நிரப்பினேன். அந்த டிவிக்கு அதுதான் சரியான ஃபார்மட். அதில் எனக்குப் பெருமை வேறு.

திரும்பி வந்தவள் கவுன்ட்டரில் எட்டிப் பார்த்தாள். "படகு எறக்குன பூஜை தெரியுதாண்ணே?" என்றாள். பிறகுதான் சொன்னாள். புதுப் படகை இறக்கிய நாலாம் மாதம் கடலிலேயே நெஞ்சுவலி வந்து அவள் புருஷன் போய்விட்டார். வீடியோக்காரர் லேப்டாப்பில் ஒரே தடவை பார்த்தது. வருகிற வாரம் முதல் திதி, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அந்த வீடியோக்காரருக்குப் போன் போட்டேன், கார்டை எப்போதோ அழித்துவிட்டாராம். உள்ளே இருந்ததை அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றியதைச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது இருப்பேன். "அவரு பேசுறது அதுல மட்டுந்தாண்ணே இருந்துச்சு."

மிச்சம்

ஃபார்மட் செய்ததோடு நிறுத்தியிருந்தால் முழுசாகவே மீட்டிருக்கலாம். மேலே பாட்டை ஏற்றியதுதான் கெடுத்தது. இரண்டு நாள் வேறு வேலை தொடாமல், மீட்கிற சாஃப்ட்வேரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். கேமராவிலிருந்து அப்படியே இறக்கிய வகை ஃபைல் ஆனதால் துண்டாக அகப்பட்டாலும் ஓடியது. நாற்பது நிமிஷத்தில் பதினொரு நிமிஷம். முழுசும் இருந்திருந்தால் ஏழு ஜிபி, அவள் டிவிக்காக நறுக்கித்தான் ஏற்றியிருக்க வேண்டும். மிச்சம் இரண்டு ஜிபிதான், ஃபேட் 32-இல் தாராளமாக அடங்கியது.

திதிக்கு முந்தின நாள் நானே கொண்டுபோய் அவள் வீட்டு டிவியில் சொருகினேன். பிள்ளைகள் இரண்டும் கிட்டே போய் உட்கார்ந்தன. படத்தில் முக்கால்வாசியும் கயிற்றைப் பிடித்திருக்கும் ஒரு முதுகுதான். முகம் வந்த இடமெல்லாம் நான் ஏற்றிய அம்மன் பாட்டுக்கு அடியில் போய்விட்டது. கடைசியில் அந்த முதுகு லேசாகத் திரும்பி, "அஞ்சல, தீப்பெட்டிய எங்க வச்ச?" என்றது. அதோடு நின்றுவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அஞ்சலை டிவியைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்: "ஒங்க சட்டப் பையிலதான் இருக்கு, நல்லாப் பாருங்க."

எந்தப் பென் டிரைவுக்கு எந்த ஃபார்மட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இப்போது சொல்வேன், அழிப்பதற்கு முன்னால் "உள்ள யாரு இருக்காங்க?" என்று கேட்பதற்குத்தான் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.