பார்வை: இயல்பு

என் மகள் ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் கண் பரிசோதனை வைத்தார்கள். முடிந்ததும் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தனுப்பினார்கள். 'பார்வை: இயல்பு' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. திருச்செங்கோட்டில் பேர் வாங்கிய பள்ளி. அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினேன். அதை நம்பிய அளவுக்குக் கட்டிய புருஷனைக்கூட நான் நம்பியதில்லை.

டிவி பார்க்கும்போது மகள் தலையைச் சாய்த்துக்கொள்வாள். பந்து வீசினால் பிடிக்கத் தெரியாது. கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொள்வாள். எனக்குச் சந்தேகம் வரும், உடனே அட்டையும் ஞாபகம் வரும். கண்ணில் கோளாறில்லை, கொழுப்புத்தான் என்று முதுகில் ஒன்று வைப்பேன். போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே போய்த் திரும்பிய கணவர், டாக்டரிடம் காட்டலாமா என்று ஒருமுறை கேட்டார். அட்டையை நீட்டி அவர் வாயை அடைத்தேன்.

ரெண்டு வருஷம் இப்படியே போனது. நாலாம் வகுப்பில் அவள் இடது கண்ணில் கட்டி வந்து, வீங்கி மூடிக்கொண்டது. அன்றைக்கு ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். கத்தினேன். வலது கண்ணில் எப்போதுமே மங்கலாகத்தான் தெரியும் என்றாள். எல்லாருக்கும் ஒரு கண் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாளாம்.

கட்டி ஆறியதும் கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் இடது கண்ணை மறைத்து, சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். ஈ, எஃப், பீ, டி என்று ஆரம்பித்தவள் கடைசி வரி வரை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். என்னிடம் பொய் சொன்னாளா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. டாக்டரம்மா அந்த அட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார். மகள் வாயே திறக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த அட்டைய மிஸ் சொல்லித் தரலீங்மா."

வலது கண்ணில் பவர் அதிகம், அதனால் மூளை அந்தக் கண்ணைப் பழக்காமலே விட்டுவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைத்துப் பழக்க வேண்டும். எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. "ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா சுலபமா இருந்திருக்குமுங்க" என்றார்.

மறுநாள் காலை பள்ளிக்குச் சண்டைக்குப் போனேன். எத்தனை தடவை அந்த ரெண்டாம் வகுப்பு டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். பரிசோதனைக்கு முந்தின நாள் எழுத்து அட்டையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மொத்த வகுப்பையும் உருப்போட வைத்திருக்கிறார். என் பிள்ளையின் கண்ணோடு விளையாடிவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்தது.

"யாரும் தப்பாச் சொல்லீரக் கூடாதுன்னுதானுங்க. எல்லாப் பரீட்சைக்கும் அப்படித்தானுங்க பண்றோம். வீட்டுப்பாடமாக் குடுத்தமே, நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களேங்க."

பொய் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைக் கிளறினேன். இருந்தது. எட்டு வரி எழுத்து. கீழே என் கையெழுத்து. அப்போதுதான் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. எதற்கு என்று நான் கேட்கவேயில்லை. நாலாவது வரியில் ஒரு எழுத்தை அவள் மாற்றி மாற்றிச் சொன்னாள். அதைப் பத்துத் தடவை எழுதவைத்து, தப்பில்லாமல் ஒப்பித்த பிறகுதான் சோறு போட்டேன்.

இப்போது தினமும் பள்ளி விட்டு வந்ததும், அவளுடைய நல்ல கண்ணின் மேல் நான்தான் பட்டை ஒட்டுகிறேன். ஏன் என்று அவள் கேட்பதில்லை. அம்மா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.